கைமடி: பதினாறு பார் எழுதிப் பார்த்த அனுபவம்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் எழுதத் தொடங்கிய ராப் பாடல், மூன்றாம் வரைவில் இப்போது பன்னிரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று) வரை வந்து நிற்கிறது. முதல் இரண்டு வரைவுகளையும் ஏன் கைவிட்டேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஒரு ராப்பரைச் சிறந்த பாடலாசிரியர் என்று எதனால் சொல்கிறோம் என்ற கேள்வி பள்ளிக் காலத்திலிருந்தே என்னிடம் உண்டு. 2006இல் மலேசியாவிலிருந்து வெளிவந்த யோகி பி, நட்சத்ரா குழுவின் பாடல்களை மெமரி கார்டில் ஏற்றிக் கேட்ட நாள்களில், வேகமாகவும் சொல்லுக்குச் சொல் ஒலி பொருந்தவும் பாடுகிறவரே பெரியவர் என்று நினைத்தேன். அந்த எண்ணம் இந்தப் பாடலில்தான் மாறியது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாடல் என் அம்மாவைப் பற்றியது. அவர் பதினெட்டு ஆண்டுகள் கைமடியாக வேலை பார்த்தவர். டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்து விழும் பீஸ்களை அடுக்குவது, மடிப்பது, ஆள் குறைந்த நாளில் பிசிறு வெட்டுவது எல்லாம் கைமடியின் வேலை. நான் எடுத்துக்கொண்ட பீட், அதாவது பின்னணித் தாளம், நிமிடத்துக்கு 90 தட்டு. பாருக்கு நான்கு தட்டு என்றால் பதினாறு பாரும் ஏறக்குறைய 43 விநாடியில் முடிந்துவிடும். பதினெட்டு ஆண்டுகளை அதற்குள் சொல்ல வேண்டும்.

முதல் வரைவை அம்மாவே பேசுவதாக அமைத்தேன். அது இப்படித் தொடங்கியது:

விடியலில் எழுந்தேன், வேலைக்கு நடந்தேன்,
கைமடியாச் சேர்ந்தேன், கஷ்டத்தைக் கடந்தேன்.

ஒரே இரவில் பதினாறு பாரும் முடிந்துவிட்டன. அவ்வளவு எளிதாக வந்ததே சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். தமிழில் ஓர் ஆளுக்குரிய வினைமுற்றுகள் எல்லாம் ஒரே விகுதியில் முடிவதால், ‘நான்’ என்று தன்மையில் பேசத் தொடங்கிவிட்டால் வரிக்கு வரி ‘ஏன்’ என்ற ஒலி தேடாமலே வந்து நிற்கும். அதை இயைபு என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதில் எழுதியவரின் உழைப்பு எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய பிழை நான்காவது துண்டில் இருந்தது. அம்மா எந்தக் கஷ்டத்தையும் கடந்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. ‘நடந்தேன்’ என்ற சொல்லுக்கு ஒலித்துணை தேடியபோது ‘கடந்தேன்’ கிடைத்தது. கிடைத்த சொல் அவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது. ஒலிக்காகப் பொருளை விட்டுக்கொடுக்கிறாரா, பொருள் நிற்க வேண்டிய இடத்துக்கே ஒலியைக் கொண்டு வருகிறாரா என்றுதான் இப்போது ஒவ்வொரு ராப்பரிடமும் முதலில் பார்க்கிறேன்.

தொல்காப்பியம் செய்யுளியலில் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடைகளை (அடிகளைத் தொடுக்கும் முறைகளை) சொன்னாலும், நம் புலவர்கள் பெரிதும் உழைத்தது அடியின் தொடக்கத்தில் வரும் மோனையிலும் எதுகையிலும்தான். அதற்கான காரணம் என் முதல் வரைவைப் படித்தபோது எனக்கு விளங்கியது: நம் மொழியில் அடியின் கடைசி மலிவானது, தலைதான் அருமையானது. கடைசி அவ்வளவு மலிவாக இல்லாத ஆங்கிலத்தில்கூட, 1987இல் எரிக் பி உடன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட அமெரிக்க ராப்பர் ரக்கீம் வரியின் கடைசியோடு நின்றுவிடவில்லை. இளம் வயதில் சாக்சஃபோன் வாசித்துப் பழகிய அவர், ஒத்த ஒலிகளை வரியின் நடுவிலும் நிறுத்தி, வாக்கியத்தைப் பாரின் எல்லை தாண்டி அடுத்த பாருக்குள் ஓட விட்டார். அவரைத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் இரண்டாம் வரைவுக்கு உட்கார்ந்தேன்.

இரண்டாம் வரைவில் எதுகைகளை நெருக்கமாக வைத்து இரட்டை வேகத்தில் பாடிப் பதிவு செய்தேன். கேட்பதற்கு நன்றாக இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) போனைக் கொடுத்து, “கேளுங்க அம்மிச்சி” என்றேன். அவர் ஒருகாலத்தில் ஊர்த் திருவிழாவில் கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுத்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, “ஏங் கண்ணு, உங்கம்மா எந்த மாடியில வேலை செஞ்சா? அது தகர செட்டுத்தானே?” என்றார்.

பதிவை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். ட்ரம் ஓங்கி விழும் இடத்தில் ‘ம’ என்ற எழுத்து மாட்டிக்கொண்டதால், அதை நீட்டி, ‘கைமடி’யைக் ‘கைமாடி’ என்று பாடியிருந்தேன். ஆங்கிலத்தில் அசைக்கு அழுத்தம் கொடுத்துத் தட்டோடு பொருத்துகிறார்கள். அந்தப் பழக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு தமிழ்க் குறிலை இழுத்தால் சொல்லே வேறாகிவிடுகிறது. படம் பாடமாகிறது, பல் பாலாகிறது. தமிழ் ராப்பில் எத்தனையோ வரிகள் முதல் முறை கேட்கும்போது பிடிபடாமல் போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். வேகத்திலும் குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் நின்றால் சொல் தெளிவாகவே கேட்கும்.

இதற்கான பயிற்சி எங்கள் ஊர்க் கோயிலிலேயே இருந்தது. அருணகிரிநாதரின் அவிநாசித் திருப்புகழ் ‘இறவாமல் பிறவாமல்’ என்று தொடங்குகிறது. அதன் சந்தம் ‘தனதானத் தனதான’. இரண்டு குறில், ஒரு நெடில், மீண்டும் ஒரு குறில் என்று சந்தம் கேட்பதைச் சொல் அப்படியே கொடுக்கிறது. ஓர் எழுத்தைக்கூட இழுக்கவோ முழுங்கவோ வேண்டியதில்லை. ‘ற’கர எதுகையும் அடிக்குள்ளேயே அடுத்தடுத்து அமைந்திருக்கிறது. இதை இரண்டு வாரம் பீட்டின்மேல் தொடையில் தட்டிப் பாடிப் பழகினேன். முதலில் மெதுவாக, பிறகு 90இல். இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்தவற்றில் மிகுந்த பலன் கொடுத்தது இதுதான்.

பிறகு என் சொல்லை எண்ணிப் பார்த்தேன். ஒரு தட்டை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு மாத்திரையாக, அதாவது ஒரு குறிலின் நேர அளவாக, வைத்துக்கொண்டால், ‘கை’ இரண்டு, ‘ம’ ஒன்று, ‘டி’ ஒன்று; கைமடி சரியாக ஒரு தட்டு. ஐகாரம் சொல்லுக்குள் குறுகுவது உண்டு என்றாலும், ‘கை’யை முழுதாக நிறுத்தினால் வேறு சொல்லாகக் கேட்காது, ஓங்கி விழும் தட்டை அதன்மேல் வைக்கலாம். அதன்படி மூன்றாம் வரைவில் நிலைத்த இரண்டு வரிகள் இவை:

ஆயிரம் பனியன் மடிஞ்சது கைமடி கையில,
பாயில நான் தூங்கிட்டேன் மடி வந்து சேர்கையில.

முதல் நான்கு சொற்கள் நான்கு தட்டில் அமர்ந்து பாரை நிரப்பிவிடுவதால், ‘கையில’ அடுத்த பாரின் தலையில் விழுகிறது. ‘ஆயிரம்’, ‘பாயில’ என்பது எதுகை. கடைசியில் வரும் ‘கையில’, ‘சேர்கையில’ ஒலியால் ஒன்றானாலும் ஒன்று இடத்தையும் மற்றது நேரத்தையும் சொல்வதால், விகுதி இலவசமாகக் கொடுத்த இயைபாக அது இல்லை. ‘மடி’யில் இருக்கும் இரட்டைப் பொருளை நான் தேடிப் போகவில்லை, வேலையின் பெயருக்குள்ளேயே அது இருந்தது. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடியபோது, பாம்பும் ஆடிக் குடத்தில் அடைகிறது, எள்ளும் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் அடைகிறது என்றார். இரண்டுமே உலகில் உண்மையாக நடப்பவை என்பதால்தான் அந்தச் சிலேடை நிற்கிறது. ராப்பில் பெரிதாகப் புகழப்படும் இரட்டைப் பொருள் வரிகளையும் நான் இப்போது அப்படித்தான் சோதிக்கிறேன்: இரண்டு பொருளில் ஒன்று உண்மையில்லை என்றால், வரி எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் எனக்கு அதை மறுமுறை கேட்கத் தோன்றுவதில்லை.

பேசுபவரையும் மாற்றிவிட்டேன். இப்போது மகன் பேசுகிறான். அம்மாவின் வாயில் நான் சொல் வைப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பாரையும் அம்மிச்சிக்குப் போட்டுக் காட்டினேன். இந்த முறை மாடி என்று கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, “அந்தப் பாயை விரிச்சுப் போட்டது நானுங் கண்ணு” என்று மட்டும் சொன்னார். எழுதிய பன்னிரண்டு பாரில் எங்கும் அவர் இல்லை.

மீதி நான்கு பாரும் அவருக்கு. ‘அம்’ ஒன்றரை, ‘மிச்’ ஒன்றரை, ‘சி’ ஒன்று. அம்மிச்சியும் ஒரு தட்டுதான். அதைப் பதின்மூன்றாம் பாரின் முதல் தட்டிலேயே வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த சொல் இன்னும் வரவில்லை.