மலையகத்தில் விரல் ரேகை எண்ணப் போகிறவர்களுக்கு

ரேகை அடர்த்தியை, அதாவது விரல் ரேகைக் கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்பதை, வைத்து ஆணா பெண்ணா என்று பார்க்கும் ஆய்வுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் ரேகை எடுத்து முடித்திருக்கிறோம். பெண்களுக்குக் கோடுகள் பொதுவாக அதிக நெருக்கம். அனுமதியிலேயே இழுபறி. சிங்களப் படிவமும் ஆங்கிலப் படிவமும் போதும் என்ற லிகிதரே, பிறகு தமிழ்ப் படிவம் இல்லையென்று கோப்பைத் திருப்பிவிட்டார். மூன்று மொழியிலும் கொண்டு போங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சிக் கையொப்ப இடமும் வேண்டும். கைநாட்டு வைத்த ஒப்புதல் படிவத்தை ரேகைத் தாளோடு ஒரே கோப்பில் போடாதீர்கள். ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பெரட்டு நேரத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடிப் பெயர் பதியும் நேரத்தில், ரேகை எடுக்க வேண்டாம். குளிரில் விறைத்த விரலில் மை சீராகப் பிடிக்காது. மழையில் நனைந்த விரலோ சுருங்கியிருக்கும். கை கழுவி, நன்றாகத் துடைத்து, சற்றுச் சூடேறிய பிறகு எடுங்கள். கண்ணாடித் தட்டில் மையை மெல்லிய படலமாக உருட்டுங்கள். அழுத்தினால் பள்ளங்கள் நிரம்பி இரண்டு கோடு ஒன்றாகத் தெரியும்.

எண்ணுவது எளிது. ரேகை மையத்துக்கு மேலே, கட்டைவிரல் பக்கமாக 5 மி.மீ. சதுரம் வைத்து, மூலைக்கு மூலை கோடுகளை எண்ண வேண்டும். புள்ளியை விட்டுவிடுங்கள். கிளை பிரியும் கோட்டை இரண்டாகக் கணக்கிடுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதுரம் போனால் எண்ணிக்கை குறையும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி அந்தச் சதுரமே. போட்டோகொப்பிக் கடையில் தாளுக்குள் அடங்கச் சுருக்கி அச்சடித்துக் கொடுத்ததில் 5 மி.மீ. 4.7 ஆகிவிட்டது. 14 கோடு வர வேண்டிய இடத்தில் 13. பெண் ஆணாகிவிடுவார்! அச்சான சதுரத்தை அளவுகோலால் அளக்காமல் ஒரு தாளையும் எண்ணாதீர்கள்.

1999இல் ஆய்வாளர் மார்க் ஏக்ரி அமெரிக்கர்களிடம் கண்டது, சதுரத்தில் 11 கோடு அல்லது குறைவு ஆணுக்கும், 12 அல்லது அதிகம் பெண்ணுக்கும் சாய்கிறது என்று. 2007இல் வந்த தென்னிந்திய ஆய்வில் அந்த எல்லை 13க்கும் 14க்கும் இடையில். இரண்டையும் அப்படியே இங்கே பொருத்துவது தவறு. அந்தந்த மக்களிடம் எடுத்துத்தான் எல்லை போட வேண்டும். சிறுவரின் ரேகை நெருக்கமாக இருக்கும், ஆண்பிள்ளையும் பெண் எண்ணிக்கை காட்டுவான். ஆகவே வளர்ந்தவர்களிடம் மட்டும் எடுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களைப் பற்றி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து, வெட்டுக் கீறல் விழுந்து கிடக்கும். "வாசிக்க முடியாதது" என்று அந்தத் தாள்களை ஒதுக்கினால், தோட்டத்தில் உழைக்கும் பெண்கள்தான் ஆய்விலிருந்து வெளியேறுகிறார்கள். மோதிர விரல் பெரும்பாலும் தப்பியிருக்கும்; பத்து விரலையும் எடுத்து, விரல்வாரியாகத் தனித்தனியே கணக்கிடுங்கள். ஒதுக்கிய தாள்களை ஆண், பெண் வாரியாக அறிக்கையில் எழுதுங்கள்.

அறிக்கையில் "பெண்ணின் ரேகை" என்று எழுதவே கூடாது. எவ்வளவு சாய்வு என்பதை நிகழ்தகவு விகிதமாகக் கொடுங்கள்; அதாவது, அந்த எண்ணிக்கை பெண்ணிடம் வரும் வாய்ப்பு ஆணிடம் வரும் வாய்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று. குற்ற இடத்து அரைகுறை ரேகையில் எந்த விரல், எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் எண்ணவே வேண்டாம்.