நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து திரைக்கு

மட்டக்களப்பில் வீடியோ கடைகள் இருந்த காலத்தில், கல்லடியில் எங்கள் மாமா வாடகைக்கு எடுத்து வரும் கசெட்டுகளின் வழியாகவே அமெரிக்க நடிகர் சார்ள்ஸ் புரொன்சன் எனக்கு அறிமுகமானார்.

1921 இல் பென்சில்வேனியாவில், லித்துவேனிய வம்சாவளிக் குடும்பமொன்றின் 15 பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, தந்தையை இழந்தபின் இளவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றியவர் அவர். 1958 இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் புகைப்படக்காரராக நாயக வேடம் ஏற்றார்.

1963 இல் வெளிவந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில், சிறைமுகாமிலிருந்து தப்புவதற்குச் சுரங்கம் தோண்டியபடியே, அடைபட்ட இடத்தின் அச்சத்தால் நடுங்குகிறார். மண் சரியும் காட்சியில் அந்தக் கரடுமுரடான முகத்தில் எழும் பயம் நடிப்பாகவே எனக்குத் தோன்றவில்லை. 1974 இன் 'டெத் விஷ்' அவருக்குப் பெரும்புகழ் தந்தது உண்மைதான். ஆயினும், துப்பாக்கி ஏந்திய வேடங்கள் அனைத்தையும்விட இந்த நடுக்கத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன்.