டப்பாவில் ஒரு நோயாளி

காலையில் கடல்மீன் தொட்டியின் விளக்கைப் போட்டால் க்ளவுன் மீன் மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. வால் பாதி கிழிந்து, பக்கவாட்டில் தோல் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம், அந்த நீல டாம்சல் மீன்தான். விரலளவு உடம்பு, ஆனால் தொட்டி முழுக்கத் தன் பட்டா நிலம் என்று நினைப்பு.

கை முதலில் மருந்துப் பாட்டிலுக்குத்தான் போனது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். அதில் இருப்பது தாமிரம். பவளமும் இறாலும் இருக்கிற தொட்டியில் ஊற்றினால் அவை செத்துப்போகும். தவிர, அது ஒட்டுண்ணிக்கான மருந்து, கடிபட்ட காயத்துக்கு இல்லை.

சரி என்று 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவை ஆஸ்பத்திரி ஆக்கினேன். பெரிய தொட்டித் தண்ணீரையே ஊற்றியதால் உப்புத் தண்ணீரின் அடர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டால்) அதே 1.025. ஹீட்டரை 26 டிகிரியில் வைத்தேன். ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், காற்றுக்கு ஒரு ஏர் பம்ப். புது டப்பாவில், மீன் கழிவிலிருந்து சேரும் விஷ அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது, அதனால் தினமும் 5 லிட்டர் மாற்றுகிறேன். (அம்மா: "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படிக் கவனிச்சியாடா?")

இன்று ஐந்தாம் நாள். உறைந்த ஆர்டீமியா (மீன் தீனியான பொடி இறால் வகை) இரண்டு வாய் தின்றது. வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுச் சவ்வு.

அப்புறம், டாம்சல் யாருக்காவது வேண்டுமா? இலவசம்.