ஊக்கத்தொகையும் உள்ளமும்

கேரளத்தின் இடுக்கி மலையில், வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். காய் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர்க்காரர்கள். விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாக மலைக்கு வந்து, பொழுது சாய இறங்கிவிடுவார்கள்.

ஒரு சீசனில், குறிப்பிட்ட எடைக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு ஊக்கத்தொகை என்று முதலாளி சொன்னார். எடை ஏறியது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஸ்டோரில் உலர்த்திப் பார்த்தால், 5 கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய 1 கிலோ வரவேண்டியது வரவில்லை. தட்டு முழுக்கச் சுருங்கிய இளங்காய்.

ஓர் அக்காவின் சாக்கில் மட்டும் அது இல்லை. மறுநாள் அவர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூரிலிருந்து மண்ணோடு படர்ந்து கிடக்கும் காய்ச்சரத்தை ஒரு கையால் தூக்கி, காய்காயாகத் தொட்டுப் பார்த்து, முற்றியதை மட்டும் கிள்ளிவிட்டு, மிச்சத்தோடு சரத்தை மெல்லக் கீழே வைத்தார், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல. "இதையும் பறிச்சா கிலோ கூடுமேக்கா" என்றேன். "இன்னும் விதை கறுக்கல தம்பி, இது அடுத்த எடுப்புக்கு" என்று சொல்லி அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

இந்தக் குணத்துக்கு என்ன பேர் என்று அன்றிலிருந்து தேடுகிறேன். உந்துதல் என்றால் யாரோ பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி இருக்கிறது. தன்முனைப்பு பொருந்தும்தான், ஆனால் அதற்கு அகந்தை வாடையும் உண்டு. ஆங்கிலத்தில் ஆட்டோடெலிக் என்கிறார்கள். கிரேக்கத்தில் ஆட்டோஸ் என்றால் தான், டெலோஸ் என்றால் முடிவு, நோக்கம். செய்வதிலேயே தன் நோக்கத்தை வைத்திருப்பது. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிரை விடுவிப்பதற்குக் காசு வாங்கிய மாணவர்கள், காசு நின்றபிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவதே குறைந்துபோனது. அதைப் படித்தபோது எங்கள் தோட்டம்தான் கண்முன் வந்தது.

குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. அதில் 'உள்ளம் உடைமை உடைமை' என்று வருகிற இடத்தில், உள்ளம் என்பதற்கு ஊக்கம் என்றே பரிமேலழகர் பொருள் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான், அப்போது உறைக்கவில்லை. உள்ளே இருப்பதுதான் ஊக்கம், அதனால் அதற்கு உள்ளம் என்றே பேர். அதோடு தொகையைச் சேர்த்து ஒரே சொல்லாக்கி நானே நோட்டீஸ் எழுதி ஒட்டியிருக்கிறேன். கூலியை உயர்த்திக் கொடுப்பது வேறு, அது அவர்களுக்குச் சேரவேண்டியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அடுத்த சீசனில் அந்தத் தொகையை எடுத்துவிட்டார்கள். இளங்காய் குறைந்தது, ஆனால் மற்றவர்கள் கையில் பழைய பொறுமை திரும்ப நெடுநாளாயிற்று. சிலருக்குத் திரும்பவே இல்லை. அந்த அக்கா மட்டும் மழைக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் எட்டிப்பார்க்காத மேட்டுச் செடிகளிலும் அதேபோல்தான் சரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.