அனுப்பும் கருவியின் கைரேகை: பெங்களூரு ஆய்வு மேசைக் குறிப்புகள்

மார்ச் 3
ஒரே தொகுப்பில் வந்த வைஃபை பலகைகளை, அவை அனுப்பும் சிக்னலை மட்டும் வைத்துப் பிரித்தறிய வேண்டும். எம்.ஏ.சி. முகவரியை (பலகையின் வலையமைப்பு அடையாள எண்) யாரும் மாற்றிவிடலாம்; சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்பின் வளைவை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

முதலில் ஆன்டெனா வேண்டாம், கேபிள் போதும். பலகை தருவது 20 டிபிஎம் (மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட திறன் அளவு), சிக்னலைப் பதிவு செய்யும் மென்பொருள் ரேடியோவான யூ.எஸ்.ஆர்.பி. பி210 தாங்குவது −15 டிபிஎம் வரைதான். இடையில் சிக்னலைத் தணிக்கும் 50 டிபி அட்டென்யூவேட்டர். எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அளந்து பார்த்துவிட்டு மாட்டவும்.

மார்ச் 4
அதிர்வெண் விலகல். வைஃபை தரமான 802.11ஜி அனுமதிப்பது ±25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு). 2412 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸ். பி210-இன் சொந்த ஆஸிலேட்டரே ±2 பிபிஎம் தள்ளாடும், அதாவது 4.8 கிலோஹெர்ட்ஸ். அதனால் ஜி.பி.எஸ்.ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் கட்டாயம். காலைக் குளிரிலும் பிற்பகல் வெயிலிலும் பலகையின் அதிர்வெண்ணைத் தரும் கிரிஸ்டல் ஒரே இடத்தில் நிற்காது. பலகையை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்கவும். இந்த ஓர் எண்ணை மட்டும் அடையாளமாக நம்ப முடியாது.

மார்ச் 7
ஐ/க்யூ ஏற்றத்தாழ்வு: 90 டிகிரி விலகிய இரு சிக்னல் பாதைகள் (ஐ, க்யூ) சமமாக இல்லாதது. எனக்கு இதுதான் அழகான பகுதி. 0.5 டிபி வீச்சு வித்தியாசமும் 3 டிகிரி கட்டப் (ஃபேஸ்) பிழையும் இருந்தால், பிம்பம் (நடு அதிர்வெண்ணின் மறுபக்கம் விழும் கண்ணாடி நிழல்) சிக்னலுக்கு 28 டிபி கீழே விழும். சிக்கல் என்னவென்றால், ரிசீவருக்கும் இதே நோய் உண்டு. மருந்து: ரிசீவரை 12 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ட்யூன் செய்து, விநாடிக்கு 5 கோடி மாதிரி எடுப்பது. ரிசீவரின் பிம்பமும் டிசி முள்ளும் (ட்யூன் செய்த அதிர்வெண்ணில் எழும் பொய்ச் சிக்னல்) சிக்னல் பட்டைக்கு வெளியே போய்விடும். அனுப்பியின் பிம்பம் மட்டும் உள்ளேயே தங்கும்.

பாக்கெட்டின் தொடக்கத்தில் வரும், முன்பே தெரிந்த நீள் பயிற்சிக் குறியை மட்டும் வைத்துக் கணிக்கக் கூடாது. அதில் k, −k துணைக்கேரியர்களின் (நடு அதிர்வெண்ணுக்கு இருபுறமும் சம தூரத்தில் உள்ள சிறு அலைகள்) உறவு எப்போதும் ஒன்றே என்பதால், பிழை சேனல் (சிக்னல் வரும் பாதை) மதிப்பீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பைலட்டுகளுக்கும் (தரவுக்கு இடையே வரும், மதிப்பு தெரிந்த துணைக்கேரியர்கள்) அதே கதி. பாக்கெட்டை டிகோட் செய்து, தரவுக் குறிகளை மீண்டும் உருவாக்கி, ஒவ்வொரு k-க்கும் நேர்க் கூறு, பிம்பக் கூறு இரண்டையும் குறைந்த வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைப்பது) பொருத்தவும். சேனல் இரண்டுக்கும் பொதுவானது. விகிதம் எடுத்தால் கழன்றுவிடும். ஆன்டெனா வழியாக எடுத்தாலும் இந்த விகிதம் நிற்கும்.

மார்ச் 10
பவர் ஆம்ப். அதன் வளைவுக்கு நினைவுப் பல்லுறுப்புக் கோவை (முந்தைய மாதிரிகளையும் கணக்கில் எடுக்கும் சமன்பாடு): 1, 3, 5 படிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தாமதம், ஆக 9 கெழுக்கள். மூன்றாம் படி விளைவு பட்டையை மும்மடங்காக்கும். இங்கே தள்ளி ட்யூன் செய்ய இடமில்லை, தனிப் பதிவு எடுக்கவும். படிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் கெழுக்களைக் கணிக்கும் மேட்ரிக்ஸ் நிலைகுலையும். சிறிய ரிட்ஜ் எண் (கெழுக்கள் பெரிதாவதைத் தடுப்பது) சேர்த்தால் கெழுக்கள் அடங்கும். பலகையின் அனுப்புத் திறனை மாற்றினால் கெழுக்களும் மாறும், அதைப் பூட்டி வைக்கவும்.

மார்ச் 13
எந்தப் பலகை என்று சொல்லும் வகைப்படுத்தியிடம் (இயந்திரக் கற்றல் நிரல்) மூல அலையைக் கொடுத்தால் அது எம்.ஏ.சி. முகவரியையே மனப்பாடம் செய்துவிடும். மேலே கிடைத்த விகிதங்களையும் கெழுக்களையும் மட்டும் கொடுக்கவும். பயிற்சி ஒரு நாள் பதிவில், சோதனை வேறொரு நாளில், வேறொரு ரிசீவரில்.