எமினோனு டு காடிகோய்

இஸ்தான்புல்லில் இன்று மூன்றாவது நாள். கூட யாரும் இல்லை, நான் மட்டும்தான். காலையில் எமினோனு படகுத்துறையில் கார்டைத் தட்டிவிட்டு காடிகோய் படகில் ஏறினேன். 20 நிமிஷம் சொச்சம். ஏறியது ஐரோப்பாவில், இறங்கப்போவது ஆசியாவில்! மற்றவர்களுக்கு அது தினமும் வேலைக்குப் போகிற வழி, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

மேல்தளத்தில் காற்று ஆளையே தூக்கியது. இடுப்பு சிறுத்த குட்டிக் கண்ணாடி கிளாஸில் பால் இல்லாத டீ, தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டி. விளிம்பை மட்டும்தான் பிடிக்க முடியும், அவ்வளவு சூடு. பக்கத்தில் இருந்த பாட்டி, எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்து (சிமித் என்கிறார்கள்) பாதியை என் கையில் வைத்தார். படகோடு பறந்து வந்த கடற்காகங்களுக்கும் கொஞ்சம் வீசச் சொல்லிக் கை காட்டினார். அவர் பேசியதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் 'சாய்', அதாவது டீ. அதுவே போதுமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கி.பி. 537-ல் தேவாலயமாகத் திறந்த ஹாகியா சோபியா, காலைப் புகைமூட்டத்தில் மெல்ல மெல்லச் சிறிதாகிக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"சாப்பிட்டியாடி?"

பாதி சிமித்தைத் தூக்கிக் காட்டினேன். பாட்டி எட்டிப் பார்த்து அம்மாவுக்குக் கையசைத்தார்.