முத்திரைத்தாளில் கையெழுத்து வேண்டாம்

2024 டிசம்பர் 18, புதன்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது இரண்டாம் கட்டுச் சுவர் சரிந்து கொத்தனார் ஒருவர் இறந்தார். செய்தித்தாளில் நாலு வரி வந்தது. அவர் மனைவி எனக்கு மகள் முறை. இரண்டு பிள்ளைகள், விதவையான மாமியார், வாடகை வீடு.

இன்று துக்கம் கேட்கப் போனேன். பேச்சு முழுக்க விதியைப் பற்றியே இருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஊர் வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவர் நூறு வருடம் நின்றது உத்திரமும் கூரையும் பிடித்திருந்ததால். ஒழுங்காக இடிப்பவன் கூரையை இறக்கிவிட்டுச் சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக எடுப்பான். பர்மா தேக்கிலும் கல்தூணிலும்தான் காசு என்பதால் இப்போது முதலில் அவற்றை உருவுகிறார்கள். பிடிப்பற்ற சுவர் கார்த்திகை மழையில் ஊறி நிற்கிறது. அதன் கீழே ஆளை நிறுத்திக் கல் பொறுக்கச் சொன்னால் அது விதி ஆகாது.

நான் சார்பு நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், வக்கீல் அல்லன். ஆனால் எந்த வழக்குக் கட்டு எந்த மேசைக்குப் போகும் என்று தெரியும். அந்த அளவுக்கு உதவலாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

காவல் நிலையத்தில் முதலில் சந்தேக மரணம் என்று பதிந்திருக்கிறார்கள். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174. பிரேதப் பரிசோதனை முடிந்தபின் பிரிவை மாற்றச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுக்க வைத்தேன். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1); ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. கட்டடத்தை இடிக்கும்போது காட்டும் அசட்டைக்கென்றே 290 என்று தனிப் பிரிவும் இருக்கிறது. எழுத்தரே அதைப் புத்தகத்தைப் புரட்டித்தான் பார்த்தார்.

முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அதைக் கேட்டு வாங்கினோம். இறப்புப் பதிவு 21 நாளுக்குள் முடிய வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டாயிற்று.

டிசம்பர் 27, வெள்ளி

எதிர்பார்த்தபடியே, இடிப்பு வேலைக்கு ஆள் கூட்டிய மேஸ்திரி வந்துவிட்டார். கூட உள்ளூர்ப் பெரிய மனிதர் இருவர், மஞ்சள் பையில் இரண்டு லட்சம், முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த வாசகம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, போலீஸ் வழக்கையும் தொடர விரும்பவில்லை" என்பது சாரம்.

அவள் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். "பெரியப்பா, மளிகைக் கடைக்கே பாக்கி இருக்கிறது. போட்டுவிடட்டுமா?"

போடாதே என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பேசினேன். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி, மரண வழக்கில் இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் தாள் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. குற்ற வழக்கு அரசு நடத்துவது. 106-ஐ மனைவி கையெழுத்துப் போட்டு முடித்துவைக்க முடியாது.

பெரிய மனிதர்களில் ஒருவர், "சட்டம் பேசினால் இதுவும் கிடைக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எத்தனை வீட்டு வாசலில் இதே வாசகத்தைச் சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

மளிகைக் கடைப் பாக்கிக்கும் வழி அந்த 8-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மூன்று மாதக் கூலியளவுக்கு முன்பணம் கொடுக்கலாம். ஆணையர் பின்னால் கழித்துக்கொள்வார். "முன்பணம் என்று எழுதிக் கொடுங்கள், ரசீது தருகிறோம்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

மாமியாருக்கு என்மேல் கோபம். கைக்கு வந்த இரண்டு லட்சத்தைத் தட்டிவிட்டேனாம். மகனை இழந்தவர், எதுவும் சொல்லலாம். அவரையே உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். இறந்தவருக்கு 40 வயது முடிந்திருந்தது. சட்டத்தின் நான்காம் அட்டவணையில் அதற்கு 184.17. அவர் நாளுக்குத் தொள்ளாயிரம் வாங்கியவர். ஆனால் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மாதம் 15,000 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மத்திய அரசு 2020-இல் வைத்த உச்சவரம்பு அது. இன்றைக்குக் கைதேர்ந்த கொத்தனாருக்கு 15,000 என்பது அநியாயம், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பாதி 7,500. பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஈமச் செலவு தனி.

கிழவி வாய்க்குள்ளேயே இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "எனக்கும் அதில் உண்டா?" என்று கேட்டார். உண்டு. மனைவி, மைனர் பிள்ளைகள், விதவைத் தாய் எல்லோரும் சார்ந்தோர் பட்டியலில் முதல் வரிசை. பங்கை ஆணையர் பிரிப்பார், மைனர்களின் பணத்தை முதலீட்டில் போட்டுவைப்பார். இதைச் சொன்ன பிறகு எனக்குக் காபி வந்தது.

ஜனவரி 17, வெள்ளி

நேற்று சிராவயல் மஞ்சுவிரட்டு. எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

சிக்கல் எல்லாம் யார் முதலாளி என்பதில் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் இடிபொருளை மொத்தமாக ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள். வியாபாரி இடிப்பு வேலையை மேஸ்திரியிடம் விட்டார். மேஸ்திரி ஆள் கூட்டி வந்தார். இப்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

மேஸ்திரியிடம் ஒரு பழைய பைக்கைத் தவிர எதுவும் இல்லை. அவர்மேல் மட்டும் தீர்ப்பு வாங்கினால் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தன் தொழிலுக்காக ஒப்பந்தக்காரரை வைத்து வேலை வாங்குபவரே, அந்த ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் பொறுப்பு; கட்டிய பணத்தை அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். "தன் தொழிலுக்காக" என்பதைக் கவனிக்க வேண்டும். குடியிருந்த வீட்டை இடிக்கச் சொன்ன சொந்தக்காரருக்கு இது அநேகமாகப் பொருந்தாது. வீடு அவருக்குத் தொழில் அல்ல. பழைய கதவும் தூணும் வாங்கி விற்பதே பிழைப்பாக உள்ள வியாபாரிக்குப் பொருந்தும். விபத்து நடந்த இடம் அவர் கட்டுப்பாட்டில் இருந்ததையும் காட்ட வேண்டும். வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது என்பதைத் தெருவே அறியும்.

தினக்கூலி ஆளுக்கு இந்தச் சட்டம் உண்டா என்று வக்கீல் நண்பர் ஒருவரே கேட்டார். 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தற்காலிக ஆள் என்ற விலக்கு போய்விட்டது. இரண்டாம் அட்டவணையில் கட்டடம் இடிக்கும் வேலை பெயர் சொல்லியே இருக்கிறது: மாடி இருக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடி. செட்டிநாட்டு வீட்டின் முகப்பே அதைத் தாண்டும்.

பிப்ரவரி 5, புதன்

சாலையெங்கும் பழனிக்கு நடப்பவர்கள். பஸ் ஊர்ந்துதான் போகிறது.

உடன் வேலை செய்த இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் பேச மறுத்துவிட்டார்; நாளைக்கு வேலை வேண்டுமே. மற்றவர் கைப்பேசியில் இடிப்பு நடந்தபோது எடுத்த படம் இருக்கிறது. உத்திரம் ஏற்றிய லாரி, பின்னால் தனியாக நிற்கும் சுவர். மேஸ்திரி வாராவாரம் கூலியைக் கைப்பேசி வழியாக அனுப்பிய பதிவும் கிடைத்தது. வேலைக்கான சாட்சி இதைவிட வேறென்ன வேண்டும்?

கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலும் பணியிட விபத்து மரணத்துக்கு உதவித்தொகை உண்டு. அதற்கும் மனு கொடுத்தாயிற்று. ஒன்று கிடைத்தால் இன்னொன்று போய்விடாது.

பிப்ரவரி 22, சனி

அவள் தம்பி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறான். சிவில் கோர்ட்டில் போட்டால் ஐம்பது லட்சம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அந்த வழியும் உண்டுதான். 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தில் வழக்குப் போடலாம், உண்மையான வருமானத்தை வைத்துக் கேட்கலாம், வீட்டுக்காரர்களையும் சேர்க்கலாம். ஆனால் அங்கே கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டும். ஆணையரிடம், வேலையின்போது வேலையால் நேர்ந்த மரணம் என்று காட்டினால் போதும். இரண்டிலும் ஏற முடியாது. ஒன்றைப் பிடித்தால் மற்றது அடைபடும் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் 3(5) சொல்கிறது. இரண்டுக்குமே கெடு இரண்டு ஆண்டு.

பையன் கோபக்காரன், ஆனால் கேட்டுக்கொண்டான். "அக்கா எத்தனை வருடம் அலைய வேண்டும், பெரியப்பா?" என்று மட்டும் கேட்டான். சிவில் வழக்குக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதிலேயே ஆணையரிடம் போவது என்று முடிவாகிவிட்டது.

மார்ச் 12, புதன்

மதுரையில் ஆணையரிடம் மனுத் தாக்கல். வக்கீலைச் சட்டப் பணிகள் குழு கொடுத்தது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். வந்தவர் சிறு வயது வக்கீல்தான், ஆனால் கட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். இருபத்தைந்து சதவீதம் கேட்ட சீனியரைவிட இவரே மேல்.

ஏப்ரல் 24, வியாழன்

வியாபாரியின் எதிருரை வந்துவிட்டது. தனக்கும் இறந்தவருக்கும் சம்பந்தமில்லை. மேலும் இறந்தவர் அன்று குடித்திருந்தாராம்.

அவள் அழுதது பணத்துக்காக அல்ல. "குடிக்கவே மாட்டார், பெரியப்பா. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்."

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை: குடிபோதை என்ற தடை காயத்துக்குத்தான், மரணத்துக்குக் கிடையாது என்று 3-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. இதை எழுதிய வக்கீலுக்கும் தெரிந்திருக்கும். ஒரு விதவையின் மனத்தை ஒடித்தால் சமரசத்துக்கு இறங்குவாள் என்ற கணக்கு.

ஜூன் 19, வியாழன்

விசாரணையில் மேஸ்திரி உண்மையைச் சொல்லிவிட்டார். ஆள் கூட்டச் சொன்னதும், "மரத்தை முதலில் இறக்கு" என்றதும் வியாபாரிதான் என்று வாக்குமூலம். நல்ல மனமா, தன் தலை தப்பினால் போதும் என்றா, தெரியவில்லை. எதுவானாலும் 12-ஆம் பிரிவுக்குத் தேவையானது அதுதான்.

வெளியே வந்ததும் வியாபாரி தரப்பு எட்டு லட்சம் என்று ஆரம்பித்தது. சிறு வயது வக்கீல் அங்கேயே நின்று பதில் சொன்னார். இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே சேர வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் சொல்லியாயிற்று. ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி. இந்தத் தொகைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல். தக்க காரணமில்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். மேல்முறையீடு என்றால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நுழைய முடியும்.

எட்டு, பத்தாகி, பஸ் நிலையம் வருவதற்குள் பன்னிரண்டாயிற்று. அவள் யாரையும் கேட்கவில்லை. "ஆணையர் ஐயா சொல்கிறபடி அங்கேயே கட்டட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரைக்குடி பஸ்ஸில் ஏறி மாமியாருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.

அடுத்த வாய்தா ஜூலையில். கூலிப் பதிவை வங்கியிலிருந்து முத்திரையுடன் வாங்கிவர வேண்டும்.